மலையேறிய மைனர்

போன இதழில் பென்டிரைவ் அளவிலான பிட்காயின் மைனர்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். யூஎஸ்பியில் செருகிவிட்டால் ராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன சிப், அவ்வளவுதான் விஷயம். சமவெளியிலிருந்து இரண்டே கடிதம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் ஒரு கட்டு. மழைக்காலத்து மலைவாசிக்கு வேறென்ன பொழுதுபோக்கு என்று எனக்கும் தெரியும், நானும் கோத்தகிரிக்காரன்தான். நம் ஊரில் மைனர் என்றாலே அப்பன் சொத்தைக் கரைக்கிறவன் என்றுதான் அர்த்தம். அந்தப் பெயர் இந்தக் கருவிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று முதல் கேள்வியிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: பழைய பிளாக் இரப்டர் யூஎஸ்பி மைனர் ஒன்று ஆன்லைனில் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. 333 மெகாஹாஷ் என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்? — வாசகர், கட்டபெட்டு

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஹாஷ் என்பது சிப் போடுகிற ஒரு கணக்கு, 333 மெகாஹாஷ் என்றால் நொடிக்கு 33 கோடிக் கணக்கு. அந்தக் குச்சி 2013-ல் வந்தது. முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு குச்சியின் விலை ஒன்றிரண்டு பிட்காயின். அதைக் கொடுத்து வாங்கியவர்கள் போட்ட பிட்காயினைத் திரும்ப எடுக்கவில்லை, பேசாமல் கையிலேயே வைத்திருந்தால் இன்று எஸ்டேட் வாங்கியிருக்கலாம். அப்போது உலகம் முழுக்க ஓடிய எல்லா மெஷினையும் சேர்த்தாலே சுமார் 200 டெராஹாஷ்தான், டெரா என்றால் 1-க்குப் பின்னால் 12 சைபர். இன்று ஆன்ட்மைனர் எஸ்21 என்கிற ஒரே ஒரு பெட்டி அந்த 200-ஐத் தனியாளாகப் போடுகிறது. உலக மொத்தமோ 2025-ல் ஒரு செட்டாஹாஷைத் தொட்டது, அதாவது 1-க்குப் பின்னால் 21 சைபர். அன்றைய அளவுக்கு 50 லட்சம் மடங்கு.

இப்போது உங்கள் கணக்கு. பிட்காயின் பரிமாற்றங்களைக் கட்டுக்கட்டாகப் பதிவார்கள், ஒரு கட்டு ஒரு பிளாக், அதன் கணக்கை முடிக்கிற மைனருக்குப் பரிசு. பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 144 பிளாக், 2024 ஏப்ரலில் பரிசு பாதியானதற்குப் பிறகு பிளாக்குக்கு 3.125 பிட்காயின். ஆக நாளைக்கு 450 பிட்காயின் உலகத்துக்கே பங்கு. இதில் உங்கள் குச்சியின் பங்கைப் பிரித்தால் ஒரு சடோஷி, அதாவது பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, சேரவே 67 நாள் ஆகும். பிட்காயின் 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சடோஷி 10 பைசா. அந்த 67 நாளில் 2.5 வாட் குச்சி குடிக்கும் கரண்ட் 4 யூனிட். நாலு யூனிட் கொடுத்துப் பத்து பைசா! பச்சைத் தேயிலை விலையைப் பற்றி அழுகிற நம் ஆட்களுக்கு இதைக் காட்டினால் ஆறுதலாக இருக்கும்.

யூஎஸ்பி குச்சியில் காசு பார்த்த காலம் மலையேறிவிட்டது என்பார்கள். ஏறியது நேரே கட்டபெட்டுக்கு வந்திருக்கிறது போல. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், பூல் என்றால் என்ன, ஷேர் என்றால் என்ன, டிரைவர் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள அதைவிடப் பயமில்லாத சாமான் கிடையாது. சாதாரண யூஎஸ்பி ஓட்டையின் 500 மில்லிஆம்பியரிலேயே ஓடிவிடும், எதையும் எரிக்காது.

கேள்வி: என்னிடம் கெக்கோசயின்ஸ் காம்பாக் எஃப் குச்சி ஐந்து இருக்கிறது. ஏழு ஓட்டை உள்ள ஹப், அதற்கு 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் கூடவே வந்தது, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் சிஜிமைனர் என்ற மைனிங் மென்பொருள். இரண்டு குச்சி நன்றாக ஓடுகிறது, மூன்றாவதைச் செருகினால் மூன்றுமே காணாமல் போகிறது. குச்சி பழுதா, மென்பொருள் பிரச்சினையா? — வாசகர், ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்

இரண்டும் இல்லை. பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 4 ஆம்பியர்.

இந்தக் குச்சிக்குள் இருப்பது பிஎம்1397 என்கிற சிப், ஒரு காலத்தில் பெரிய மெஷின்களுக்குள் டஜன் கணக்கில் அடுக்கிவைத்த அதே சிப். 400 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் குச்சி 10 வாட்டுக்கு மேல் குடிக்கும், அதாவது 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், கொஞ்சம் முறுக்கினால் இரண்டரை, மூன்று. இரண்டு குச்சிக்கு நாலு ஆம்பியர் சரியாகப் போச்சு. மூன்றாவது வந்தவுடன் அடாப்டர் தாங்காமல் வோல்டேஜ் சரிகிறது, சரிந்தவுடன் எல்லாக் குச்சியும் ஒன்றாகக் கையை விரிக்கிறது. ஏழு ஓட்டை ஹப் என்றால் ஏழு பேருக்கும் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஏழு இலை போட்டிருக்கிறார்கள், சோறு இரண்டு பேருக்குத்தான் வடித்திருக்கிறார்கள்.

ஐந்துக்கும் சேர்த்து 12 ஆம்பியராவது வேண்டும், 60 வாட். அதைத் தாங்கும் ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஓர் ஓட்டைக்கு எவ்வளவு தரும் என்பதையும் கேளுங்கள். செல்போன் சார்ஜ் செய்யத் தயாரித்த ஹப்களில் ஓட்டைக்கு ஓட்டை ஒரு ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும், அது சூடானால் அறுத்துவிடும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். குச்சி அரைமணி நேரம் ஓடி, பத்து நிமிஷம் நின்று, மறுபடி ஓடினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அடுத்தது வயர். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை, எனக்கு ரொம்ப நாள் தூக்கம் கெடுத்ததும் இதுதான். கடையில் கிடைக்கும் மெல்லிய யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் உள்ளே ஓடுவது பெரும்பாலும் 28 கேஜ் கம்பி. மீட்டருக்கு 0.21 ஓம், போக ஒன்று வர ஒன்று என்று 0.42. அதில் 2 ஆம்பியர் ஓட்டினால் 0.84 வோல்ட் வழியிலேயே காலி, 5 வோல்ட் அனுப்பினால் குச்சியிடம் போய்ச் சேர்வது 4.16. குச்சி பாவம் என்ன செய்யும்? 24 கேஜ் வயராக இருந்தால் அதே தூரத்துக்கு 0.34 வோல்ட்தான் போகும். வயரே இல்லாமல் நேராக ஹப்பில் செருகுவது இன்னும் நல்லது. யூஎஸ்பி ஓட்டைக்கும் குச்சிக்கும் நடுவில் செருகுகிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, குச்சி முழு வேகத்தில் ஓடும்போது அது 4.7-க்குக் கீழே காட்டினால் மென்பொருளைத் தொடாதீர்கள், கரண்ட் வழியைச் சரி செய்யுங்கள்.

அப்புறம் ஒரே நேரத்தில் ஐந்தையும் கிளப்பாதீர்கள். ஒவ்வொன்றாக, 200 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஒரு மணி நேரம் விட்டு, அடுத்ததைச் செருகுங்கள். முடிந்த இடத்தில் குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே ஓர் ஓட்டையை வெறுமனே விடுங்கள், ஏழு ஓட்டையில் நாலு குச்சிதான் அப்படி உட்காரும். மேலே ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியை 5 வோல்ட்டில் ஓட விடுங்கள், சத்தமே வராது, காற்று போதும்.

எவ்வளவு ஹாஷ் வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: இந்தச் சிப்புக்குள் 672 கோர். மெகாஹெர்ட்ஸை 0.672-ஆல் பெருக்கினால் கிகாஹாஷ். 400-க்கு 269. சிஜிமைனர் 265 காட்டினால் சந்தோஷப்படுங்கள், 180 காட்டினால் சிப் மூன்றில் ஒரு பங்குக் கணக்கைத் தப்பாகப் போடுகிறது. அப்போது குச்சியில் இருக்கும் குட்டித் திருகாணியை, அதுதான் வோல்டேஜ், எட்டில் ஒரு திருப்பு மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: நான் இங்கே கல்லூரியில் படிக்கிறேன் அண்ணா. விண்டோஸ் லேப்டாப்பில் சிஜிமைனர் இறக்கினால் வைரஸ் என்று சொல்லி அழித்துவிடுகிறது. அப்படியே ஓடினாலும் குச்சியைக் கண்டுபிடிப்பதில்லை. — வாசகர், குன்னூர்

தம்பி, இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. அடுத்தவன் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் செய்கிறவர்களும் இதே மென்பொருளைப் பயன்படுத்தியதால் ஆன்டிவைரஸுக்கு அந்தப் பெயரே ஆகாது. அதற்காக ஆன்டிவைரஸை ஒட்டுமொத்தமாக அணைக்காதே, உண்மையிலேயே விஷம் கலந்த சிஜிமைனரும் சுற்றுகிறது. எழுதியவரின் இடத்திலிருந்து மட்டும் இறக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடு. குச்சி தெரியாததற்குக் காரணம் டிரைவர்: விண்டோஸ் அதை ஒரு காம் போர்ட்டாக, அதாவது பழைய சீரியல் இணைப்பாக, எடுத்துக்கொள்கிறது, சிஜிமைனர் வின்யூஎஸ்பி என்ற வேறு டிரைவரை எதிர்பார்க்கிறது. ஜாடிக் என்ற சின்ன மென்பொருள் மாற்றிக் கொடுக்கும், ஆனால் பட்டியலில் சரியான கருவியைத் தேர்ந்தெடு, அவசரத்தில் மவுஸின் டிரைவரை மாற்றிவிட்டு மவுஸ் இல்லாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். பிஎஃப்ஜிமைனர் என்ற இன்னொரு மைனிங் மென்பொருள் என்றால் பழைய காம் போர்ட்டே போதும்.

என்னைக் கேட்டால் பழைய ராஸ்பெர்ரி பை ஒன்றைத் தேடிப் பிடி. லேப்டாப்பை இரவெல்லாம் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஒரு உபரிச் செய்தி: சிஜிமைனரை எழுதிய கான் கோலிவாஸ் தொழிலால் மயக்க மருந்து டாக்டர், ஆஸ்திரேலியாக்காரர். லினக்ஸ் கெர்னலுக்கும் எழுதியிருக்கிறார். ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையே என்று நீ எழுதியிருந்த கடைசி வரிக்கு இதுவே பதில்.

விடுதியில் ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடாது. அந்த கரண்ட் உன்னுடையது இல்லை.

கேள்வி: பிட்காயின் குச்சியை லைட்காயின் என்ற வேறு டிஜிட்டல் காசுக்குத் திருப்பிவிட முடியுமா? — வாசகர், பெருமாள்மலை

முடியாது. ஷா-256 என்ற ஒரே கணக்குக்காகச் செதுக்கிய சிப் அது, லைட்காயின் கேட்பது ஸ்கிரிப்ட் என்ற வேறு கணக்கு. காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினில் மாவாட்டுகிற கதை. ஸ்கிரிப்டுக்கென்றே மூன்லேண்டர் என்று ஒரு குச்சி வந்தது, அதன் காலமும் போய்விட்டது. பிட்காயின் கேஷ் அதே ஷா-256 என்பதால் அதற்கு வேண்டுமானால் திருப்பலாம்.

கேள்வி: பிட்ஆக்ஸ் காமா என்ற ஒற்றைச் சிப் மைனர் வாங்கியிருக்கிறேன். கொடைக்கானல் குளிருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஓவர்கிளாக் செய்து வேகத்தை ஏற்றலாம் என்று நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள். எதுவரை போகலாம்? — வாசகர், வில்பட்டி

நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி காற்றில் இருக்கிறது.

ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர் சுமார். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்றில் சரக்கு கம்மி, அதனால் சிப்பின் சூட்டை வாங்குகிற உலோகப் பட்டையான ஹீட்சிங்க்கிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற சூடும் கம்மி. மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி அறையில் சிப் அதற்கு மேல் 35 ஏறி 67-ல் நிற்கிறது என்று வையுங்கள், இங்கே 35-க்குப் பதில் 41 ஏறும், ஆனால் அறை 12 டிகிரியாக இருப்பதால் 53-ல் நின்றுவிடும். ஆகமொத்தம் நமக்கு லாபம்தான், ஆனால் நண்பர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனி ராத்திரியில் ராஜா மாதிரி ஓடுகிற செட்டிங், ஏப்ரல் மத்தியானத்தில் வெயில் விழுகிற ஜன்னலோரம் காலை வாரிவிடும். எந்த மாதத்துக்கு டியூன் செய்கிறோம் என்று யோசித்துச் செய்யுங்கள்.

காமாவில் இருப்பது பிஎம்1370. 2,040 குட்டிக் கோர், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 525 மெகாஹெர்ட்ஸ், 1.15 வோல்ட். பெருக்கினால் 1.07 டெராஹாஷ், சுமார் 18 வாட். இப்போது 600-க்கு ஏற்றுகிறீர்கள், சிப் தடுமாறுகிறது, வோல்டேஜை 1.20 ஆக்குகிறீர்கள். ஹாஷ் 14 சதவீதம் கூடியது. கரண்ட்? அது வேகத்தோடு ஒரு தடவையும் வோல்டேஜோடு இரண்டு தடவையும் பெருகும், 24 சதவீதம் கூடியிருக்கும். கூடின சூட்டைப் பார்த்து விசிறி அலற ஆரம்பிக்கும்.

எதிர்த் திசையில் போய்ப் பாருங்கள், யாரும் போவதில்லை. 400 மெகாஹெர்ட்ஸ், 1.0 வோல்ட். ஹாஷ் முக்கால் பங்கு கிடைக்கும், சிப்பின் கரண்ட் கிட்டத்தட்ட 58 சதவீதம்தான். விசிறி முணுமுணுக்கும், அவ்வளவே. எல்லாச் சிப்பும் அந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது, ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிற்கவில்லை என்றால் 10 மில்லிவோல்ட் கூட்டி மறுபடி பாருங்கள்.

மேலே போவதானாலும் கீழே வருவதானாலும் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம்தான், ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "ஆஹா நிற்கிறது" என்பது அடுப்பில் வைத்தவுடன் மூடியைத் திறந்து பார்க்கிற மாதிரி. சிப் 65 டிகிரியைத் தாண்ட வேண்டாம், பக்கத்திலேயே வோல்டேஜ் சீராக்கியின் சூட்டையும் காட்டும், அதையும் பாருங்கள், முதலில் சாகிறது பல சமயம் அதுதான்.

கேள்வி: அதே பிட்ஆக்ஸ்தான். திரையில் 1.1 டெராஹாஷ், பூலில் பார்த்தால் ஒரு நேரம் 0.7, ஒரு நேரம் 1.6. யார் ஏமாற்றுகிறார்கள்? — வாசகி, வெலிங்டன்

யாரும் இல்லை. பூல் என்பது பலர் சேர்ந்து மைனிங் செய்து வரவைப் பங்கிட்டுக்கொள்கிற கூட்டு. உங்கள் மெஷின் எவ்வளவு வேகம் என்பதை அது நேரில் பார்ப்பதில்லை, வேலை செய்ததற்கு அத்தாட்சியாக நீங்கள் அனுப்புகிற ஷேர்களை எண்ணி ஊகிக்கிறது. ஷேர் மழை மாதிரி, ஒரு மணி நேரம் கொட்டும், ஒரு மணி நேரம் தூறும். 24 மணி நேரச் சராசரியை மட்டும் பாருங்கள். அதுவும் 0.9-க்குக் கீழே இருந்தால் வைஃபை அறுந்து அறுந்து சேர்கிறதா என்று பாருங்கள். இந்தச் சாதனத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ரவுட்டரில் 5 மட்டும் போட்டிருந்தால் காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில் மேடான இடத்தில். கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. ஈரம் இதைக் கெடுக்காதா? — வாசகி, கோத்தகிரி

கெடுக்கும். தீப்பெட்டி நமுத்து, அலமாரியில் செருப்புக்குப் பூஞ்சை பிடிக்கிற ஊரில் சர்க்யூட் போர்டு மட்டும் தப்புமா? ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மைனருக்கு ஈரத்தால் ஆபத்து குறைவு, அதன் சூடே அதைக் காயவைத்துவிடும். ஆபத்து அதை அணைக்கும்போதுதான். அணைத்து ஆறின போர்டு குளிர்ந்து கிடக்கும், சாயந்திரம் சமையலறை ஆவியோடு வெதுவெதுப்பான காற்று வந்து அதன்மேல் படும், கண்ணாடியில் படிகிற மாதிரியே நீர் படியும், அந்த நேரம் பார்த்து நீங்கள் சுவிட்சைப் போடுவீர்கள். மழைக்காலத்தில் ஒன்று, வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்து ஓடவிடுங்கள். இல்லை, அணைப்பதென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள், மறுபடி எடுக்கும்போது அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுக் கரண்ட் கொடுங்கள்.

ஓடுகிறதைப் பாலிதீன் பையால் மூடாதீர்கள். கணப்புச் சட்டி, விறகடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், கரியும் ஈரமும் சேர்ந்தால் போர்டில் ஒரு பசை படியும், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். யூஎஸ்பி முனையில் பச்சை பூத்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். டீ ஃபேக்டரிக்குப் பக்கத்து வீடு என்றால் ஹீட்சிங்க்கில் டீத்தூளின் நார் பஞ்சு பஞ்சாகச் சேரும், மாதத்துக்கு ஒரு தடவை பழைய பல் தேய்க்கும் பிரஷ்.

கேள்வி: இது சூடாகிறது என்கிறீர்களே, குளிருக்கு ரூம் ஹீட்டருக்குப் பதிலாக வைக்கலாமா? — வாசகர், மன்னவனூர்

18 வாட்டா? சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன் சுமார் 100 வாட் சூடு விடுகிறான். மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஐந்து மைனருக்குச் சமம்.

கேள்வி: அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் தம்பி. பூலில் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் கூட வரவில்லை. தனியாகவே ஓட்டினால் முழு பிளாக்கும் நமக்கே என்கிறார்களே, எது புத்திசாலித்தனம்? — வாசகர், அருவங்காடு

ஐயா, ஒரு டெராஹாஷ் மெஷின் என்றால் உலக மொத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு. பூலில் நாளைக்கு 45 சடோஷி, மேலே சொன்ன விலைக்கு நாலரை ரூபாய். மெஷின் நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியாகக் குடிக்கும், இரண்டு மாத ரீடிங்கில் 26 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 130 ரூபாய் செலவு, 270 ரூபாய் வரவு. லாபம் என்று துள்ளாதீர்கள், மெஷின் வாங்கின காசை இதில் சேர்க்கவே இல்லை, அது திரும்பி வருவதற்குள் உலக மொத்தம் இன்னும் ஏறியிருக்கும், 2,016 பிளாக்குக்கு ஒரு முறை கணக்கின் கடினமும் அதற்கேற்பத் தானாக மாறிவிடும். உங்கள் வீட்டு மொத்தம் 500 யூனிட் பக்கம் நிற்கிறதென்றால் இந்த 26 அதைத் தாண்டவைத்துவிடும், அப்போது பில்லின் கணக்கே வேறு.

தனியாக ஓட்டினால் வருஷத்துக்கு 52,560 பிளாக், ஒவ்வொன்றிலும் நூறு கோடியில் ஒரு வாய்ப்பு. சராசரியாக 19,000 வருஷத்துக்கு ஒரு தடவை விழும். அதற்காக நாளைக்கே விழாது என்றில்லை, 2024-லும் 2025-லும் பிட்ஆக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு விழுந்திருக்கிறது. லாட்டரிதான். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், கூடலூர்க்காரர்கள் நாடுகாணி தாண்டிப் போய் வாங்குகிறார்கள், நீங்கள் வீட்டிலிருந்தே பத்து நிமிஷத்துக்கு ஒரு சீட்டு எடுக்கிறீர்கள். நாலரை ரூபாயால் உங்கள் பென்ஷன் கூடப் போவதில்லை என்பதால் நானாக இருந்தால் தனியாகத்தான் ஓட்டுவேன், நான் அப்படித்தான் ஓட்டவும் செய்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகன் டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். மெஷினே வேண்டாம், 15,000 ரூபாய் கட்டினால் அவர்களே மைனிங் செய்து தினமும் 300 ரூபாய் தருவார்களாம். முதல் வாரம் வந்தது. இப்போது இன்னும் 50,000 கேட்கிறார்கள். — பெயர் வேண்டாம், பண்ணைக்காடு

கொடுக்காதீர்கள் அம்மா. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கு 300 ரூபாய் வர வேண்டுமானால் கிட்டத்தட்ட 67 டெராஹாஷ் வேண்டும், அந்த மாதிரி மெஷினும் அதற்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் கரண்ட்டும் செலவழித்து, வருகிறதை மொத்தமாக உங்களுக்கே யார் கொடுப்பார்? முதல் வாரம் வந்தது உங்கள் பணமே. இனி போடுகிற எதுவும் வராது. பணம் போன விவரத்தோடு 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், சைபர் குற்றத்துக்கான எண் அது. மகனைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், குழுவில் நடந்த உரையாடலை அவன் அழித்துவிடாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருமான வரி கட்ட வேண்டுமா? — வாசகர், கேத்தி

கட்ட வேண்டும். விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் செஸ், இது 2022 ஏப்ரலிலிருந்து. நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. மைனிங் சாமான்களுக்கான செலவை வாங்கின விலையாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று 2022 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். நாலரை ரூபாய்க்கும் இதுதான் சட்டம், ஆடிட்டரிடம் போய் நாலரை ரூபாய் என்று சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சீரியஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாலட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிட்காயினை வைத்திருக்கும் வாலட்டை மீட்டெடுக்க அது தருகிற அந்த 12 அல்லது 24 சொற்களைப் போனில் படம் எடுக்காதீர்கள், தாளில் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் ஊறிவிடும். பென்சில்.

கேள்வி: காற்றடித்தால் கரண்ட் போகிறது, வந்தால் 160 வோல்ட்தான் வருகிறது. மைனர் தாங்குமா? — வாசகர், மஞ்சூர்

1932-லேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்த மலை, குந்தா உங்கள் வாசலில், ஆனாலும் ஒரு சாம்பிராணி மரம் சாய்ந்தால் நமக்கு இருட்டுதான். குறைந்த வோல்டேஜ் பற்றிக் கவலைப்படாதீர்கள், 100 முதல் 240 வரை என்று அடாப்டரில் அச்சிட்டிருந்தால் 160 அதற்குச் சாப்பாடு மாதிரி. கெடுதல் செய்வது கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியின் துள்ளல், அப்புறம் ஏப்ரல், அக்டோபர் இடி. சர்ஜ் காக்கும் பலகை வாங்கினால் மட்டும் போதாது, வீட்டு எர்த்தைப் பரிசோதியுங்கள், பாறைமேல் கட்டின வீடுகளில் எர்த் பேருக்குத்தான் இருக்கும். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், நெட்வொர்க் கேபிள் இருந்தால் அதையும்.

கேள்வி: பிட்ஆக்ஸில் டைப்-சி ஓட்டை இருக்கிறதே என்று போன் சார்ஜரைச் செருகினேன், மைனிங் ஓடவில்லை. வீட்டில் சும்மா கிடந்த அடாப்டர் உருளை ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தியது, போட்டேன். ஒரு சத்தம், வாடை. இனி உயிர் வருமா? — வாசகர், அரவேணு

அந்த டைப்-சி மென்பொருள் ஏற்றுவதற்கு, கரண்ட்டுக்கு இல்லை. நீங்கள் போட்ட அடாப்டர் ரவுட்டருடையது, சரியா? அது 12 வோல்ட், காமா கேட்பது 5. வோல்டேஜ் சீராக்கியோடு போயிருந்தால் போர்டு ரிப்பேர் தெரிந்தவர் ஹாட் ஏர் வைத்து மாற்றித் தரலாம், சிப்பும் சேர்ந்து போயிருந்தால் புதுப் போர்டு விலை. கருகின இடம் எங்கே என்று ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், நானும் இதே வேலையைச் செய்தேன். இரண்டு அடாப்டரும் கறுப்பு, இரண்டின் முனையும் ஒரே உருளை. மறுநாள் வீட்டில் கேட்டு வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷில், வீட்டிலிருக்கும் 12 வோல்ட் அடாப்டர் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொட்டு வைத்தேன்.